நிலையற்ற வேலையும் நிலைத்து நிற்கும் சாதியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், இக்காலத்துத் தொழிலாளியின் நிலையற்ற வேலையைப் பற்றியும், அதற்கும் சாதி மதங்களுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றியும் ஆகும். இதைப்பற்றிப் பேசப்போகிறோம் என்று தெரிந்தவுடனேயே நண்பர்கள் சிலர் நம்மிடம் வந்து, "நீங்கள் சாதி, சாமி, சடங்கு ஆகியவைகளைப் பற்றிப் பேசுங்கள்; கூலி, வேலை, காண்ட்ராக்டு என்பவைகளைத் தொழிற்சங்கத்தார் பார்த்துக் கொள்ளட்டும்" என்று சொன்னார்கள். வேறு சில நண்பர்களோ, "வயிற்றுப்பாடு தீர்ந்தால் சாதி தானாகவே ஒழிந்து போகும், அதுவரை அதைப் பேசித் தொழிலாளர்களைப் பிரித்து விடாதீர்கள்" என்று சொன்னார்கள். இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் இருவர் சொல்லுவதும் பிசகு என்பது நமது அபிப்பிராயம். ஏன் பிசகு என்பதை எடுத்துச் சொல்லவே வந்திருக்கின்றோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதைத் தள்ளி விடுங்கள்.

தோழர்களே! முதலில் இன்று வேலை என்பது எப்படி இருக்கின்றது என்று பார்ப்போம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டு, "கம்பெனியில் வேலை" என்று பதில் வந்தால், உடனே அடுத்த கேள்வி, "பர்மனெண்டா, காண்ட்ராக்டா?" என்பதாக இருக்கின்றது. இந்த ஒரு கேள்வியிலேயே இக்காலத்து முதலாளித்துவத்தின் யோக்கியதை முழுவதும் அடங்கிவிட்டது. சர்க்கார் எடுத்த தொழிற்சாலைக் கணக்கின்படியே, 2000-01-இல் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேர் காண்ட்ராக்டு ஆட்களாக இருந்தார்கள். 2022-23-இல் அது நூற்றுக்கு 40 பேருக்கு மேலாகிவிட்டது. ஒரே யந்திரத்தின் முன் இருவர் நிற்கிறார்கள். ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஒருவனுக்குச் சம்பளம், மற்றவனுக்கு அதில் பாதி. ஒருவனுக்கு லீவு உண்டு, மற்றவனுக்குக் காய்ச்சல் வந்தால் வேலையே இல்லை. இதுதான் நாட்டு முன்னேற்றம் என்று நம்மிடம் சொல்லப்படுகின்றது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1970-லேயே காண்ட்ராக்டுத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் என்று ஒரு சட்டம் வந்தது. ஆனால் 2001-இல் சுப்ரீம் கோர்ட்டானது, ஒரு வேலையில் காண்ட்ராக்டு முறை தடுக்கப்பட்டாலும், அதில் இருந்த ஆள் தானாகவே நிரந்தரத் தொழிலாளி ஆகிவிட மாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறகு 2019-இலும் 2020-இலும் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை நான்கு தொகுப்புகளாகக் கட்டி, 2025 நவம்பர் 21-இல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு ஸ்தாபனத்தின் "முக்கிய வேலை"யில் காண்ட்ராக்டு ஆளை வைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கின்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் எது எது முக்கிய வேலை அல்ல என்று ஒரு ஜாபிதாவும் கூடவே போட்டிருக்கிறார்கள். அதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனமாக இருந்தாலொழிய முக்கிய வேலை ஆகாதவைகளில் முதலாவதாக எதைச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? கூட்டுவது, பெருக்குவது, குப்பை அள்ளுவது ஆகிய துப்புரவு வேலையைத்தான்! அடுத்தபடியாகக் காவல் வேலை; பிறகு சமையல், சாப்பாட்டு வேலை; பிறகு மூட்டை தூக்குவது. நம் நாட்டில் எந்தச் சாதியார் தலையில் எந்த வேலை கட்டப்பட்டிருக்கின்றது என்பதைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஜாபிதாவைப் படித்தால் புதிய சட்டத்தின் ஞாபகம் வருமா, பழைய மனுவின் ஞாபகம் வருமா என்று கேட்கின்றோம்.

இனிச் செல்போன் வழியாக நடக்கும் வேலையைப் பாருங்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர், சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர் முதலியவர்கள் 2020-21-இல் இந்தியாவில் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-க்குள் 2 கோடியே 35 லட்சம் பேர் ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022-இல் சொல்லியிருக்கின்றது. இவர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் தொழிலாளி அல்ல. "பார்ட்னர்", அதாவது பங்காளி! தமிழ்நாட்டில் பங்காளி என்றால் என்ன அர்த்தம்? பாட்டன் சொத்தில் பங்கு உள்ளவன் என்று அர்த்தம். பங்கு கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகிறவன் என்று அர்த்தம். இந்தப் பங்காளிக்குக் கம்பெனியின் சொத்தில் என்ன பங்கு இருக்கின்றது? வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, செல்போன் அவனுடையது, கீழே விழுந்து முறிகிற காலும் அவனுடையது. லாபம் மாத்திரம் கம்பெனியுடையது. ஆயுத பூசை நாளில் அவன் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறான். முன்பெல்லாம் பொரியும் கடலையுமாவது முதலாளி செலவில் வரும். இப்பொழுது அதுவும் தொழிலாளி செலவுதான்!

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். முன்பு ஜோசியன் நட்சத்திரம் பார்த்து நம் பிழைப்பைச் சொன்னான். "நட்சத்திரமாவது, பிழைப்பைத் தீர்மானிப்பதாவது!" என்று நாம் சிரித்தோம். இன்று சாப்பாடு வாங்கினவர் செல்போனில் எத்தனை நட்சத்திரம் போடுகிறாரோ அதைப் பொறுத்து ஒருவனுடைய பிழைப்பு நிற்கின்றது. நேற்று வந்த கூலி இன்று ஏன் குறைந்தது, இன்று ஏன் வேலையே வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. மேஸ்திரி இல்லை, மானேஜர் இல்லை. எல்லாம் "சிஸ்டம்" செய்வதாம். தலையெழுத்து என்று முன்பு சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலையெழுத்து என்றபோது, எழுதினவன் யார், அவனை யார் பார்த்தார்கள் என்று கேட்டோமல்லவா? செல்போன் எழுத்துக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இதிலே ஒரு சௌகரியம் என்னவென்றால், தலையெழுத்தை எழுதினவனைத்தான் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கணக்கை எழுதினவனுக்குக் கம்பெனி உண்டு, கட்டடம் உண்டு, விலாசம் உண்டு. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சுப்ரீம் கோர்ட்டில் இதே கேள்வி வந்தபோது, வழக்குத் தொடுத்த ஊபர் ஓட்டுநர்கள் சுயமாகத் தொழில் நடத்துகிறவர்கள் அல்லர், குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய லீவுக்கும் உரிமையுள்ள தொழிலாளிகளே என்று தீர்ப்பாயிற்று. கேட்டதனால்தான் கிடைத்தது. நமது சட்டமோ அவர்களை முதலாளி தொழிலாளி என்ற சம்பந்தத்துக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, கம்பெனியின் வரவில் நூற்றுக்கு ஒன்று இரண்டு எடுத்து நிதி வைப்போம் என்கின்றது. தமிழ்நாட்டிலும் 2023-இல் ஒரு நலவாரியம் ஏற்படுத்தினார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நலம் என்பது கொடுக்கிறவன் மனசைப் பொறுத்தது. பாத்தியதை என்பது கேட்கிறவன் கையில் இருப்பது.

தோழர்களே! இதைவிடத் தெளிவாக விளங்க வேண்டுமானால் துப்புரவுத் தொழிலாளர் விஷயத்தைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் நாட்டின் பிரதம மந்திரி ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். 2020 மார்ச்சில் கொரோனாக் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு நன்றி என்று நாடு முழுவதும் தட்டைத் தட்டினார்கள். மாலை, பொன்னாடை, முன்களப் பணியாளர் என்ற பட்டம் எல்லாம் வந்தன. கால் கழுவியாயிற்று, அந்தக் கால் மறுநாள் எங்கே போய் நின்றது? அதே குப்பையில்தான். சர்க்கார் கணக்கெடுத்த சாக்கடைத் தொழிலாளர், மலக்குழித் தொழிலாளர் சுமார் 38 ஆயிரம் பேரில், நூற்றுக்குச் சுமார் 69 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்றும், பழங்குடியினரையும் பிற்பட்டவர்களையும் சேர்த்தால் நூற்றுக்குச் சுமார் 92 பேர் என்றும் 2024-இல் வெளிவந்தது. 1993-இலும் 2013-இலும் மனிதன் மலம் அள்ளுவதைத் தடுத்துச் சட்டம் போட்டாயிற்று. 2023-இல் சுப்ரீம் கோர்ட் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொல்லியாயிற்று. சாவுக்கு விலை ஏறியிருக்கின்றது, சாவு நிற்கவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்கு விட்டபோது, பல வருஷங்களாக அந்தத் தெருக்களைப் பெருக்கி வந்தவர்கள் ரிப்பன் மாளிகைக்கு முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பார். மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கி வந்த நாங்கள் கம்பெனிக்குப் போனால் 17 ஆயிரத்துக்கும் குறைவாக வாங்க வேண்டியிருக்கும் என்றும், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்றும் கேட்டார்கள். 13 நாள் கழித்து, ஐகோர்ட் உத்தரவைக் காட்டி, நடுராத்திரியில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் மந்திரி சபை கூடி, அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி முதலான சில திட்டங்களை அறிவித்தது. சிற்றுண்டி நல்லதே. ஆனால் அவர்கள் கேட்டது இட்டலி அல்ல, வேலை நிரந்தரம். பசித்தவனுக்குச் சோறு போடுவது தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். உழைத்தவனுக்குப் பாத்தியதை கொடுப்பது தர்மம் அல்ல, கடன். காலைக் கழுவுவதும், தட்டைத் தட்டுவதும், சிற்றுண்டி கொடுப்பதும் மரியாதையாக இருக்கலாம், சுயமரியாதை ஆகாது. ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்குகிற மரியாதை எப்பொழுது வேண்டுமானாலும் திரும்பப் பிடுங்கிக் கொள்ளக் கூடியதேயாகும்.

இப்பொழுது நம்முடைய கட்சியாரைப் பார்த்தே ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. சாதியை விடு என்று எத்தனை வருஷமாகச் சொல்லி வருகின்றோம்! படித்த பிள்ளைகளும், நகரத்துக்கு வந்து வேலை செய்கிற பிள்ளைகளும்கூட ஏன் சாதிச் சங்கத்துக் கொடியை வண்டியில் கட்டிக்கொண்டு போகிறார்கள்? அறிவு இல்லை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அது போதாது. காண்ட்ராக்டு வேலை செய்கிறவன் நம்மைக் கேட்கிறான்: "ஐயா, நாளைக்கு எனக்கு வேலை போனால் யார் சோறு போடுவார்கள்? நான் வண்டியிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் பணம் கட்டுவார்கள்? என் தகப்பன் செத்தால் தூக்க யார் வருவார்கள்? அடுத்த வேலைக்கு மேஸ்திரியிடம் யார் சொல்லிவிடுவார்கள்?" இத்தனைக்கும் அவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: சாதிக்காரன், சொந்தக்காரன். சர்க்காரும் முதலாளியும் கைவிட்ட இடத்தில் சாதியானது இன்ஷியூரன்ஸ் கம்பெனி நடத்துகின்றது! அதற்குச் சந்தா என்னவென்றால், சொந்தச் சாதியில் கல்யாணம், பக்கத்துச் சேரிக்காரனிடம் பகை, வீட்டுப் பெண்ணுக்குக் காவல் என்பவைகளே. நாம் அந்தச் சந்தாவைக் கட்டாதே என்கின்றோம், சரிதான். ஆனால் அதற்குப் பதிலாக அவன் கையில் என்ன வைத்தோம்?

கடவுள் விஷயமும் இப்படியே. மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறவன் பரிகாரம் செய்வது ஆசையினால். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் செய்வது பயத்தினால். பயம் இருக்கிற வரையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வண்டியில் தொங்கிக் கொண்டேதான் இருக்கும். ஆகவே வேலையில் நிலை இல்லாமல் வைத்திருப்பது முதலாளிக்கு மாத்திரம் லாபம் அல்ல. ஜோசியனுக்கும், சாதித் தலைவனுக்கும், மதத்தை வைத்து ஓட்டு வாங்குகிறவனுக்கும் லாபம். 2020-இல் கொரோனாவினால் வேலை இழந்து ஜனங்கள் தவித்துக் கொண்டிருந்தபோது இந்த நாட்டில் யாத்திரை நடத்தினார்கள். வேலை கேட்டவனுக்கு வேலைத் தூக்கிக் காட்டினார்கள்!

"அப்படியானால் வேலையை நிரந்தரமாக்கும் கிளர்ச்சி ஒன்றே போதுமே, சாதியைப் பிறகு பார்த்துக் கொள்ளலாமே" என்று மற்ற நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு 1921-ஐ ஞாபகப்படுத்துகின்றோம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறோம். 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆதித்திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். உடனே அவர்களைக் கருங்காலிகள் என்றார்கள். ஊரில் தெருவில் சேர்க்காதவனை, கிணற்றில் சேர்க்காதவனை, வேலைநிறுத்தத்தில் மாத்திரம் வந்து சேர் என்றால் எப்படிச் சேருவான்? நிலமும் இல்லாமல், கடனில் முழுகி, கூலி ஒரு நாள் நின்றால் பட்டினி என்றிருந்தவன் யாரை நம்பி வெளியே வருவான்? புளியந்தோப்பில் தொழிலாளி தொழிலாளியின் குடிசையைக் கொளுத்தினான். போலீசார் சுட்டார்கள், உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நடந்த வேலை நிறுத்தம் தோற்றது. தோற்கடித்தது வெள்ளைக்கார முதலாளி மாத்திரமா? இல்லை. சாதியும் சேர்ந்துதான் தோற்கடித்தது.

நூறு வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் அப்படியா என்பீர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப்படங்களைச் செல்போனில் பரப்பி, ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கதிகலங்க வைத்தார்கள். இங்கே சிலரோ, வடநாட்டான் நம் வேலையைப் பறித்துக் கொண்டான் என்கிறார்கள். அவன் பறித்தானா? சங்கம் இல்லாதவன், பாஷை தெரியாதவன், குறைந்த கூலிக்கு அதிக நேரம் நிற்பான் என்று காண்ட்ராக்டர் ரயிலேற்றிக் கொண்டுவந்தான். கோபம் காண்ட்ராக்டர் மேல் போகாமல் கூலிக்காரன் மேல் போவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். 2019-இல் ஜபல்பூரில் ஒருவர், சாப்பாடு கொண்டுவருகிறவன் இந்து அல்ல என்று வேண்டாமென்றார். அந்தக் கம்பெனி, சாப்பாட்டுக்கு மதம் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக் கொண்டது. அதே கம்பெனி 2024 மார்ச்சில், சைவச் சாப்பாடு கொண்டுபோக ஒரு தனிக்கூட்டமும் அதற்குப் பச்சை உடுப்பும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே உடுப்பை விட்டுவிட்டது, தனிக்கூட்டத்தை விடவில்லை. முதலாளிக்கு மதமும் இல்லை, மத எதிர்ப்பும் இல்லை. எது விற்குமோ அதுவே அவன் கொள்கை. ஆகவே கம்பெனி விளம்பரத்தில் சமத்துவம் பேசினால் அதைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

ஒன்று சேர்ந்தால் ஆகாததும் இல்லை. 1923 மே 1-இல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எல்லாச் சங்கத்தாரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். மே தினத்தன்றே அது வாபஸ் என்று சொல்லப்பட்டது. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் ஓர் அயல்நாட்டுக் கம்பெனித் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக 37 நாள் வெளியே நின்றார்கள். அடுத்த வருஷம் சங்கம் பதிவாயிற்று. அங்கே ஒருவனும் நீ என்ன சாதி என்று கேட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தால் 37 நாள் அல்ல, 7 நாள்கூட நின்றிருக்க முடியாது.

ஆகையால் தோழர்களே! நாம் சொல்லுவது ஒன்றுதான். நிலையற்ற வேலை சாதியை வளர்க்கின்றது. சாதி வேலையை நிலையற்றதாக வைத்திருக்க உதவுகின்றது. ஒன்றை விட்டு ஒன்றை ஒழிக்க முடியாது. 1932-இல் ஈரோட்டில் நம் இயக்கம் சமதர்மத் திட்டம் போட்டபோதே இதைத்தான் கருதியது. நாம்தான் நடுவில் ஒன்றை மறந்து ஒன்றைப் பிடித்துக் கொண்டோம்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? பெரிய காரியங்கள் ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கே செய்யக் கூடியதைச் சொல்லுகின்றோம். ஒவ்வொரு ஊர்க்கிளையிலும் காண்ட்ராக்டு ஆள், செல்போன் வேலை ஆள், துப்புரவு ஆள் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். மாதம் பத்தோ இருபதோ சேர்த்து ஒரு விபத்து நிதி வையுங்கள். அதில் எந்தச் சாதிக்காரன் விழுந்தாலும் பணம் போகட்டும். நலவாரியத்தில் பதிவு செய்யத் தெரியாதவனுக்குப் பதிவு செய்து கொடுங்கள். சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967-லேயே தமிழ்நாட்டில் ஆகிவிட்டது; கடன் வாங்கிச் சடங்கு செய்து, அந்தக் கடனுக்காகக் காண்ட்ராக்டரிடம் அடிமையாகாதே என்று சொல்லிக் கொடுங்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்களும், துப்புரவுத் தொழிலாளியை ஊர்வலத்தில் கொடி தூக்கமட்டும் வைக்காமல் தலைவர் நாற்காலியில் உட்கார வையுங்கள். பெண்களையும் உட்கார வையுங்கள்.

ஒருவனுக்கு வேலை போனாலும், விபத்து நேர்ந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், சாதிக்காரன் வந்து சேருவதற்கு முன்னால் சங்கத்துக்காரனும் சுயமரியாதைக்காரனும் வாசலில் வந்து நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் நாம் "சாதியை விடு" என்று சொல்லுவது அவன் காதில் ஏறும். அதுவரை நாம் சொல்லுவது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வெறும் உபதேசமேயாகும். உபதேசம் செய்ய இந்த நாட்டில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.